மூச்சின் அளவும் இனத்தின் அளவுகோலும்: தென்னிந்தியர் நுரையீரல் கொள்ளளவு வரலாறு, ஜொகூரை முன்வைத்து

முன்னுரை

2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 எனப் பதிவாயிற்று. 300ஐத் தாண்டினாலே பேரிடர் நிலை எனக் கருதப்படும் அக்குறியீடு, சுமத்திராத் தீயினின்று எழுந்த புகைமூட்டத்தால் அதன் இரு மடங்கையும் கடந்து நின்றது. மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 2019 மார்ச் மாதத்தில், அதே மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரத்துக் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டது. அதனின்று எழுந்த நச்சாவியால் பள்ளி மாணவர் பலர் மூச்சுத் திணறலுக்கு ஆளாயினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இவை மருத்துவர்க்கும் சுற்றுச்சூழல் அறிஞர்க்கும் உரிய பொருள்களாகத் தோன்றலாம். எனினும், இந்திய ஆய்வியல் சார்ந்த நமக்கும் இவற்றுள் ஒரு வினா காத்திருக்கிறது. புகையாலோ நச்சாவியாலோ தொழிற்சாலைத் தூசாலோ ஒருவருடைய நுரையீரல் பழுதுற்றது என்று நிறுவ வேண்டின், அதன் கொள்ளளவு குறைந்துள்ளது என்று காட்டுதல் வேண்டும். எதனை நோக்கக் குறைந்துள்ளது? ஒப்பிடுவதற்கு ஓர் அளவு முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வளவு யாருடைய மூச்சிலிருந்து பெறப்பட்டது? ஜொகூரில் வாழும் தமிழர் ஒருவர் கருவியின் குழாயில் ஊதும்போது, அவர் மூச்சு எவர் மூச்சோடு நிறுத்துப் பார்க்கப்படுகிறது? இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலத்தால் அளந்த மூச்சு

மூச்சை அளத்தல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியில் தோன்றும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று எழுத்தொலியாக மாறும் முறையை விளக்குகிறது. அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் கூறும் செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அகத்தே எழும் வளியின் இசையை அளவிட்டுக் கொள்ளுதல் அந்தணர் மறைக்கு உரியது என்றும், தாம் புறத்தே வெளிப்படும் வளியின் இசையையே கூறுவதாகவும் அவர் எல்லை வகுத்துக் கொள்கிறார். உள்மூச்சை அளப்பது ஒரு தனித் துறை என்னும் தெளிவு அந்நூலிலேயே உண்டு.

அத்தனித் துறையைத் தமிழில் பின்னர் விரித்துரைத்தவர் திருமூலர். உள்ளிழுத்தலுக்கு 16, உள்ளே நிறுத்தலுக்கு 64, வெளிவிடுதலுக்கு 32 மாத்திரை எனத் திருமந்திரம் கணக்கு வகுக்கிறது. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபில் பெருவழக்கான எண். நாழிகைக்கு 360 வீதம் 60 நாழிகைக்குக் கணக்கிட்டால் அவ்வெண் வரும். இன்றைய கணக்கில் அது நிமிடத்திற்கு 15 மூச்சு. ஓய்வில் உள்ள வளர்ந்தோர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர் என்னும் மருத்துவ நூல்களின் கூற்றோடு இது முரணவில்லை.

இவ்வளவீடுகள் அனைத்தும் காலம் பற்றியவை, அல்லது எண்ணிக்கை பற்றியவை. எத்துணைக் காற்று என்னும் பருமன் கணக்கு இவற்றுள் இல்லை. தோட்டப்புறத் திடலில் சடுகுடு ஆடிய இளைஞனின் 'தம்' கூட எவ்வளவு நேரம் நின்றது என்றே மதிக்கப்பட்டது. எவ்வளவு காற்று என்று எவரும் கேட்டதில்லை. மரபு மூச்சை ஆளப் பயிற்றியது. ஒருவர் மூச்சை மற்றொருவர் மூச்சோடு பட்டியலில் வைத்து ஒப்பிடும் தேவை அதற்கு எழவில்லை. இவ்வேறுபாட்டைக் குறிப்பது, நம்முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்றோ ஏதும் அறியாதிருந்தனர் என்றோ வாதிடுவதற்கு அன்று. பருமன் கணக்கு தோன்றிய சூழல் வேறு, அதன் பயன்பாடும் வேறு என்பதைக் காட்டுவதற்கே ஆகும்.

ஹட்சின்சனின் கருவி

அச்சூழல் தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்து. நுரையீரல் காற்றை அளக்கும் முயற்சிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் பொரெல்லியிடம் தொடங்கின. 1800இல் ஹம்ப்ரி டேவி ஹைட்ரஜன் வாயுவைத் தாமே உள்ளிழுத்துத் தம் நுரையீரலில் எஞ்சும் காற்றைக் கணக்கிட்டார். ஆயினும், ஒழுங்கான அளவீட்டுக்கு வழிவகுத்தவர் ஜான் ஹட்சின்சன் என்னும் மருத்துவரே. 1846இல் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரை 2,130 பேரின் அளவீடுகளைக் கொண்டது. மாலுமியர், படைவீரர், காவலர், தீயணைப்போர், அச்சுத் தொழிலாளர், ஏழை விடுதியினர், கனவான்கள் எனப் பல பிரிவினரை அவர் தம் கருவியில் ஊதச் செய்தார்.

கருவியின் அமைப்பு எளியது. நீர் நிறைந்த ஒரு கலம்; அதனுள் கவிழ்த்து வைத்த மற்றொரு கலம்; அக்கலத்தின் எடையைச் சமன் செய்யக் கப்பி வழியே தொங்கும் எடைக்கற்கள். முழுமையாக மூச்சை உள்ளிழுத்த ஒருவர் குழாய் வழியே இயன்ற மட்டும் ஊத, கவிழ்ந்த கலம் நீரினின்று மேலெழும். எழுந்த உயரமே காற்றின் பருமன். இவ்வாறு பெறப்படும் பேரளவுக்கு ஹட்சின்சன் சூட்டிய பெயரைத் தமிழில் 'உயிர்க் கொள்ளளவு' எனலாம். உயிர் வாழ்தற்கான ஆற்றலையே தாம் அளப்பதாக அவர் கருதியமையால் அப்பெயர் அமைந்தது. தமிழில் உயிர்த்தல் என்னும் வினை மூச்சுவிடுதலையும் வாழ்தலையும் ஒருங்கே குறிக்கும். வள்ளுவர் நாகத்தின் சீற்றத்திற்கே அவ்வினையை ஆண்டுள்ளார். ஆதலின் ஹட்சின்சனின் எண்ணம் ஆங்கிலத்தினும் தமிழில் இயல்பாகப் பொருந்துகிறது என்பது ஒரு சுவையான செய்தி.

எனினும், இச்சொல்லைக் கையாள்வதில் கவனம் வேண்டும். வளர்ந்த ஆடவர் ஒருவரின் நுரையீரல் ஏறத்தாழ 6 லிட்டர் காற்றைக் கொள்ளும். எவ்வளவு முயன்று ஊதினும் அதில் ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான காற்று வெளிவராது உள்ளேயே தங்கும். அதுவே நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கிறது. ஊதி அளக்கும் எக்கருவியும் அவ்வெஞ்சிய காற்றை அறியாது. ஓய்வில் நாம் விடும் மூச்சோ அரை லிட்டர் அளவினதே. பாடநூல்களில் 'நுரையீரல் கொள்ளளவு' எனவும் 'உயிர்க் கொள்ளளவு' எனவும் வரும் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு கற்பித்தல் பிழையாகும்.

ஹட்சின்சன் கண்டறிந்தவற்றுள் தலையாயது, உயரத்திற்கும் கொள்ளளவிற்கும் உள்ள உறவு. ஐந்தடி முதல் ஆறடி வரையில் ஒவ்வோர் அங்குல உயரத்திற்கும் 8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 130 மில்லிலிட்டர், கூடுகிறது என்று அவர் கணித்தார். அகவை முதிர முதிரக் கொள்ளளவு குறைவதையும் காட்டினார். உயரமும் அகவையும் தெரிந்தால் ஒருவர்க்கு இருக்க வேண்டிய அளவு இன்னது எனப் பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்லிவிடலாம். அதனினும் மிகக் குறைந்தால் நோய் என ஐயுறலாம். அவர் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் மருத்துவராகவும் பணியாற்றியவர் என்பதை இவண் நினைவிற் கொள்ளுதல் தகும். முன்பின் அறியாத ஒருவரை ஒரே சந்திப்பில் மதிப்பிட வேண்டியிருந்தது காப்புறுதித் தொழில். அதற்குப் பட்டியலே ஏற்ற கருவி.

ஆனால் அவர் கட்டுரையிலேயே மற்றொரு வழியும் காணக்கிடக்கிறது. 'அமெரிக்கப் பூதம்' எனப் பெயர்பெற்ற ஃபிரீமன் என்னும் பெருவுருவக் குத்துச்சண்டை வீரரை அவர் 1842இல் அளந்தார். அளவு ஏறத்தாழ 7 லிட்டர். ஈராண்டுகள் கழித்து அளந்தபோது அது பெரிதும் குறைந்திருந்தது. ஆயினும், எந்தப் பட்டியலின்படியும் அக்குறைந்த அளவு ஒரு சராசரி மனிதர்க்கு மிகுதியே ஆகும். ஃபிரீமனை அவருடைய பழைய அளவோடு ஒப்பிட்டதனாலேயே நோய் புலப்பட்டது. 1845இல் அவர் காசநோயால் மாண்டார். பிறரோடு ஒப்பிடும் வழி, தன்னோடு ஒப்பிடும் வழி என இரண்டும் இக்கலையின் தொடக்கத்திலேயே இருந்தன. பின்வந்த நூற்றாண்டு முதல் வழியையே பற்றிக்கொண்டது. அது விரைவானது, செலவு குறைந்தது. அதில் பிறிதொன்றும் எளிதாக நுழைந்தது.

பட்டியலுள் நுழைந்த இனம்

ஹட்சின்சன் மாந்தரைத் தொழிலால் பிரித்தார்; அட்லாண்டிக்கிற்கு அப்பால் அக்கருவி சென்றதும் நிறத்தால் பிரிக்கத் தொடங்கினர். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 1851இல், கறுப்பின மக்களின் கொள்ளளவு வெள்ளையரினும் 20 விழுக்காடு குறைவு என்று எழுதினார். அதனின்று அவர் பெற்ற முடிவோ, கட்டாய உழைப்பே அவர்தம் குருதிக்கு உயிர்ப்பூட்டும் என்பது. அடிமை முறைக்கு மூச்சளவியைச் சான்றாக நிறுத்திய கூற்று இது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1869இல் பெஞ்சமின் கூல்டு என்னும் வானியலறிஞர் படைவீரர் அளவீடுகளைப் பெருந்தொகுதியாக வெளியிட்டார். அதிலும் இன வேறுபாடு பதிவாயிற்று. போர்க்காலத்தில் அவ்விரு பிரிவினரும் உண்ட உணவும் உறைந்த இடமும் வெவ்வேறு என்பது எண்ணப்படவில்லை. விண்மீன்களை அளப்பதில் வல்லவரான கூல்டின் எண்கள் துல்லியமானவை என்பதாலேயே அவற்றின் பின்னிருந்த வாழ்க்கை மறைந்துபோயிற்று எனலாம். இவ்வரலாற்றை லண்டி பிரவுன் 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இந்தியாவில் இவ்வாய்வு 1920களின் இறுதியில் தலைகாட்டுகிறது. பம்பாயில் எஸ். எல். பாட்டியா 1929இல் உயிர்க் கொள்ளளவு குறித்து எழுதினார். 1932இல் சென்னை மாகாணத்திலிருந்து இரண்டு கட்டுரைகள் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தன. ஒன்று, பி. டி. கிருஷ்ணனும் சி. வரீதும் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரை அளந்து எழுதியது. மற்றொன்று, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியின் எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களின் உயரம், எடை, உடற்பரப்பு ஆகியவற்றைக் கொண்டு இயல்பான கொள்ளளவைக் கணிக்க வகுத்த அளவுகோல். ஆடவர் மூச்சையே அளந்து பழகிய ஒரு துறையில், தமிழகத்துப் பெண்களுக்கெனத் தனி அளவுகோல் வேண்டும் என 1932இலேயே ஒருவர் உழைத்தது போற்றத்தக்கது.

இவ்வாய்வுகளும் பின்வந்தனவும் தெரிவித்த முடிவு ஏறத்தாழ ஒன்றே: ஒத்த உயரமும் அகவையும் உடைய மேலை நாட்டினரைவிட இந்தியரின் கொள்ளளவு குறைவு. 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த வி. கே. விஜயன் குழுவினர், நல்ல உடல்நலமுடைய இளையோரைத் தற்காலக் கருவிகளால் அளந்து சென்னைக்குரிய கணிப்புச் சமன்பாடுகளை வெளியிட்டனர். குறைவு என்பது அளவீட்டுப் பிழையன்று, அது மெய்யே. ஏன் குறைவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். 1932இல் அளக்கப்பட்டோர் கல்லூரி மாணவர். அக்காலச் சமுதாயத்தின் மேல்தட்டிற்கு அண்மையில் நின்றவர். அதே ஆண்டுகளில் மலாயாவிலிருந்த கூலித் தொழிலாளர் அப்பட்டியலில் இல்லை. 'தென்னிந்தியர் அளவு' என ஏட்டில் ஏறியது தென்னிந்தியருள் ஒரு சிறு பகுதியினரின் அளவே ஆகும்.

மலாயாவில் அளக்கப்படாத மூச்சு

ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் மலாயாவுக்குப் புறப்படுவோர் மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். உழைக்கத் தகுதியுடைய உடலா என்பதே அங்குக் கேள்வி. கண்ணால் கண்டும் கையால் தொட்டும் விடை கூறப்பட்டது. இந்திய அரசு 1938இல் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இம்முறை நீடித்தது. ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த உடல்கள் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் காசநோயாலும் நலிந்தன. கொக்கிப்புழு குருதிச் சோகையைத் தரும். குருதிச் சோகை இளைப்பைத் தரும். நிரை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியவர் 'சோம்பேறி' எனப்பட்டது தோட்டப்புற வாய்மொழிகளில் நாம் பலமுறை கேட்டதே. இளைப்புக்கும் இழுப்புக்கும் இரைப்புக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. தொழிலாளர் அவ்வேறுபாட்டை அறிந்தே கூறினர். ஆனால் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்யும் ஏடு தோட்ட நிருவாகத்தில் இல்லை.

இன வேறுபாடு எனக் கருதப்பட்ட ஒன்று நோயாக வெளிப்பட்டதற்கு இம்மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையைச் சார்ந்த ஃபிரிமோட்–மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி அதுவல்லாத ஒரு நுரையீரல் நோயை விவரித்தனர். இரவில் இருமல், இரைப்பு, குருதியில் ஈசினோஃபில் வெள்ளணுக்களின் பெருக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு 'வெப்பமண்டல ஈசினோஃபிலியா' எனப் பெயரிட்டார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அது பெரும்பாலும் இந்தியரிடமே காணப்பட்டது. அதனை 1950களிலும் 60களிலும் விரிவாக ஆராய்ந்தவர் டி. ஜே. தனராஜ், பின்னர் 1963இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதற் புலத்தலைவராகப் பொறுப்பேற்ற அதே அறிஞர். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா இனப் புழுக்களுக்கு எதிரான மருந்து இந்நோயைத் தணிக்கிறது என்பது அவர் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இரைப்பின் காரணம் அப்புழுவுக்கு உடல் காட்டும் கடும் எதிர்வினை. மருந்துக்குப் பின்னும் சிலரிடம் அழற்சி எஞ்சி நுரையீரல் மெல்லச் சுருங்கக்கூடும் எனச் சென்னை ஆய்வாளர் பிற்காலத்தில் காட்டினர். ஓர் இனத்தின் மூச்சு குறைவு என்று கூறி அமைந்துவிட்டால் இத்தகைய புழுவை எவர் தேடுவார்?

1993ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திற்குரிய அளவுகள் ஒருவாறு கிடைத்தன. ஆர். சிங், எச். ஜே. சிங், ஆர். ஜி. சிறிசிங்க ஆகியோர் 13 முதல் 69 அகவை வரையிலான மலேசியரின் அளவீடுகளை மலேசிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டு சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரின் அளவுகள் தனித்தனியே வெளிவந்தன.

திருத்தக் காரணி என்னும் பெருக்கல்

மேலை நாட்டுப் பட்டியலை நிரப்பிய கருவிகள் உலகெங்கும் விற்பனையானபோது, பிற இனத்தார்க்கு எளிய பெருக்கல் ஒன்று கையாளப்பட்டது. வெள்ளையர்க்குரிய அளவை ஒரு பின்னத்தால் பெருக்கிவிட்டால் போதும். 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட வழிகாட்டல் ஆசிய அமெரிக்கர்க்கு 0.94 என்றும் ஆப்பிரிக்க அமெரிக்கர்க்கு 0.88 என்றும் கூறிற்று. தெற்காசியர்க்கு 0.9 அல்லது அதனினும் சற்றுக் குறைந்த எண்களை மருத்துவர் கையாண்டுள்ளனர்.

இப்பெருக்கலின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு தமிழ்த் தொழிலாளியின் உயரத்திற்கும் அகவைக்கும் வெள்ளையர் பட்டியல் 4 லிட்டர் என்கிறது எனக் கொள்வோம். அவர் ஊதியது 3.1 லிட்டர். இது 78 விழுக்காட்டிற்கும் குறைவு. 80 விழுக்காடு என்னும் வழக்கமான எல்லைக்குக் கீழே. அவர் நோயாளி. இனி 0.87ஆல் பெருக்குவோம். எதிர்பார்ப்பு 3.48 லிட்டராகிறது, அவர் அளவு 89 விழுக்காடு. அவர் நலமுடையவர். நுரையீரல் மாறவில்லை, மூச்சு மாறவில்லை. ஒரு பெருக்கலில் நோய் மறைந்துவிட்டது.

இதனால் எல்லா நோய்களும் ஒருபடித்தாக மறைவதில்லை. ஆஸ்துமா போன்ற மூச்சுக்குழல் அடைப்பு நோய்கள், முதல் நொடியில் வெளிவரும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதத்தால் அறியப்படுகின்றன. பிரான்சில் திஃபனோ 1947இல் தொடங்கி வைத்த முறை இது. அவ்விகிதத்தில் இன வேறுபாடு மிகச் சிறிது. சிக்கல் எழுவது நுரையீரலே இறுகிச் சுருங்கும் நோய்களில். கல்நார்த் தூசு, சிலிக்காத் தூசு முதலியவற்றால் வருவன அவை. சொக்சோ எனப் பரவலாக அறியப்படும் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. மருத்துவ வாரியம் உடற்திறன் இழப்பை விழுக்காட்டில் மதிப்பிடுகிறது. மேற்கண்ட பெருக்கல் அத்தகைய மதிப்பீட்டில் நுழையுமாயின் இழப்பீடே இல்லாமல் போகலாம். இஃது ஊகமன்று என்பதற்கு அமெரிக்காவில் முன்னிகழ்வு உண்டு. 1999இல் பால்ட்டிமோர் நகரில், கல்நார் வழக்குத் தொடுத்த கறுப்பினத் தொழிலாளர் வெள்ளையரினும் கூடுதலான நுரையீரல் இழப்பைக் காட்டினாலொழிய வழக்கை ஏற்கலாகாது என ஒரு நிறுவனம் இதே அடிப்படையில் வாதிட்டது.

அவ்வாறாயின் இனத் திருத்தத்தை நீக்கிவிட்டால் நீதி கிட்டுமா? அவ்வளவு எளிதன்று என்பதே நம் கருத்து. திருத்தம் நீங்கினால் நலமுடைய தமிழர் பலர் நோயாளியராகப் பதிவாவர். வேலைக்குமுன் நடக்கும் மருத்துவ ஆய்விலும் காப்புறுதியிலும் அறுவை சிகிச்சைக்குத் தகுதி காண்பதிலும் அப்பதிவு அவர்க்கு எதிராக நிற்கும். தாழ்ந்த அளவுகோல் நோயை மறைக்கிறது. உயர்ந்த அளவுகோல் நலத்தை நோயாக்குகிறது.

2012இல் வெளிவந்த உலகளாவிய நுரையீரல் முனைப்பின் சமன்பாடுகளை நோக்கினால் இன்னும் தெளிவு பிறக்கும். 3 முதல் 95 அகவை வரை, புகைபிடிக்காத 74,187 பேரின் அளவுகளால் அமைந்தவை அவை. அவருள் 57,395 பேர் வெள்ளையர். எஞ்சியோர் ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர். தென்கிழக்கு ஆசியர் என்னும் பிரிவுக்குத் தாய்லாந்தும் தைவானும் தென்சீனமும் சான்று தந்தன. இந்தியத் துணைக்கண்டத்தினர் எங்கே? அவர்தம் தரவுகள் போதியனவாகவும் ஒத்திசைவனவாகவும் இல்லை எனக் கருதி விடப்பட்டன. எனவே மூவார் மருத்துவமனையிலோ பாசிர் கூடாங் மருந்தகத்திலோ ஊதும் தமிழர் 'பிறர்' என்னும் பிரிவில் சேர்க்கப்படுவார். அன்றித் தாம் வாழும் நிலம் கருதித் தென்கிழக்கு ஆசியர் எனக் குறிக்கப்படுவார். 2022இல் இன வேறுபாடு பாராத பொதுச் சமன்பாடுகள் அமைக்கப்பட்டன. 2023இல் அமெரிக்க மார்பு நோய்க் கழகம் அவற்றைப் பரிந்துரைத்தது. வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும், அப்பொதுச் சமன்பாடுகளும் 2012இன் அதே தரவுத் தொகுதியிலிருந்து, நான்கு பிரிவுகளுக்கும் சமநிறை அளித்துப் பெறப்பட்டவையே. இனம் என்னும் கட்டம் நீங்கியது. விடுபட்டவர் விடுபட்டவராகவே உள்ளனர்.

குறைவுக்குக் காரணம் பற்றி இன்று கூறப்படுவன சில. உடலின் மொத்த உயரத்தில் கால்களின் பங்கும் மார்புடலின் பங்கும் மக்கள்தொகைகளுக்கிடையே வேறுபடும். எனவே நின்ற உயரத்தால் மட்டும் கணிப்பது பிறழும். கருவிலிருக்கும் காலத்திலும் குழந்தைமையிலும் கிடைக்கும் ஊட்டம், விறகடுப்புப் புகை, மீண்டும் மீண்டும் வரும் மார்புச் சளி ஆகியன நுரையீரல் வளர்ச்சியைத் தடுக்கும். 17 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. புகைபிடிக்காத, நலமுடைய தெற்காசியரின் முதல் நொடிக் காற்றளவு வட அமெரிக்கர், ஐரோப்பியரினும் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைவு என அது காட்டியது. வழக்கிலிருந்த திருத்தக் காரணியோ 10 அல்லது 13 விழுக்காடு. இவ்விடைவெளியே ஒன்றை உணர்த்துகிறது. மாறாத இன இயல்பு எனின் எண் ஆய்வுக்கு ஆய்வு இத்துணை அலையாது. நாட்டிலும் ஊரிலும் தலைமுறையிலும் மாறும் ஒன்றை நாம் இனம் எனப் பெயரிட்டு நிறுத்த முயல்கிறோம்.

ஜொகூர்ச் சிறாரும் முன்னளவும்

இனி ஜொகூருக்கு மீள்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் தமிழ்க் குடும்பங்கள் பல ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் ஆகிய தொழில் வட்டாரங்களில் குடியேறின. பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் திறக்கப்பட்டது முதல் வேதித் தொழிற்சாலைகள் அடர்ந்தன. பால்மரக் காட்டில் இளைத்தவர்தம் பெயரர், ஆலைகளுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். 2019இல் நச்சாவியை நுகர்ந்த ஒரு மாணவரின் நுரையீரல் பழுதுற்றதா என்பதை எப்பட்டியலைக் கொண்டும் ஐயமறக் கூற இயலாது. அவருடைய 2018ஆம் ஆண்டு அளவு கையில் இருந்தால் கூறலாம். ஃபிரீமனுக்குச் செய்தது அதுவே.

அதற்குக் காலம் முழுதும் கடந்துவிடவில்லை. நுரையீரல் வளர்ச்சி இருபதுகளின் தொடக்கம் வரை நீள்வது. 2019இல் 8 அகவை நிறைந்திருந்தவர்க்கு அது 2030களின் தொடக்கத்தில்தான் முற்றுப்பெறும். ஆண்டுதோறும் ஒரே கருவியில் அளந்தால், வளர்ச்சி சீராகச் செல்கிறதா தேங்குகிறதா என்பது இனம் என்னும் கட்டத்தை நிரப்பாமலேயே தெரியும்.

இதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அறிவியல் பாடத்தில், நீர் நிரப்பிய பெரிய நெகிழிப் புட்டியைத் தொட்டி நீரில் கவிழ்த்து, இரப்பர்க் குழாய் வழியே ஊதி, வெளியேறிய நீரின் அளவால் மூச்சை அளக்கும் சோதனை பல பள்ளிகளில் நடக்கிறது. அது ஹட்சின்சனின் கருவியே. கப்பியும் எடைக்கற்களும் மட்டும் இல்லை. வழக்கமாக அச்சோதனை யார் மிகுதியாக ஊதினர் என்னும் போட்டியாக முடிந்துவிடுகிறது. மாறாக, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பெயருக்கு நேரே நாள், உயரம், மூன்று முறை ஊதியதில் பேரளவு ஆகியவற்றைக் குறித்து, மறு ஆண்டும் அதே புட்டியில் ஊதி அடுத்த வரியில் எழுதலாம். வாயில் வைக்கும் குழாய் ஆளுக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். புட்டி 5 லிட்டருக்குக் குறையாது இருத்தல் நலம். இரைப்பு உள்ள மாணவரை வற்புறுத்தலாகாது. இது மருத்துவச் சோதனைக்கு மாற்றன்று. ஆயினும், நான்காம் வகுப்பில் கூடிவந்த அளவு ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டதாயின், அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல ஒரு பெற்றோர்க்குக் காரணம் கிடைக்கும்.